தனலட்சுமி அக்காவின் கேப்டன்

செய்தி ஒரு சண்டைக்கு நடுவில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி இருக்கும். ‘திரும்பும் வழி’ என்ற அயல்நாட்டு விண்வெளித் தொடரைத் தமிழில் பார்த்துப் பார்த்தே நரைத்துப்போன சிலர் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸாப் குழுவில், வழக்கம்போல வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. கேப்டன் டோரிக் புதிய சீசனில் மகனுக்குச் செய்தி அனுப்பியது பாசத்தாலா, குற்ற உணர்ச்சியாலா என்று ஆளுக்கொரு பக்கம் நின்று பேசினார்கள். அதற்கிடையில் தனலட்சுமி அக்காவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. “நான் உஷா. அம்மா காலையில் தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக்.”

அதைக் கவனிக்காமல் அதற்குக் கீழே இரண்டு பேர் கேப்டனைப் பற்றி எழுதிவிட்டார்கள். மூன்றாமவர் பார்த்தார். பிறகு யாரும் எழுதவில்லை.

நான் அப்போது மாம்பலம் ரயில் நிலையத்தின் படிக்கட்டில் இருந்தேன். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். ஓர் அம்மாள், “நடு வழில நின்னுக்கினு இன்னாம்மா போன பாக்கற?” என்று அதட்டினார். நியாயம்தான். ஓரமாக நகர்ந்து நின்றேன். அழுகை வரவில்லை. பெரிய அசதி ஒன்று வந்தது. அக்காவோடு பழகிய யாருக்கும் அந்த அசதி புரியும்.

அவரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தேனாம்பேட்டைப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் தபால் பிரிவு எழுத்தர். நான் அங்கே தட்டச்சராகச் சேர்ந்த முதல் நாள், என்னிடம் முதலில் பேசியவர் அவர்தான். “உட்காரும்மா. அந்த ஃபேன் காத்து உனக்கு வராது. நாற்காலிய இப்படித் திருப்பிப் போட்டுக்கோ.” அவ்வளவுதான். பேர்கூடக் கேட்கவில்லை. அன்று திருப்பிப் போட்ட நாற்காலியில்தான் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

சைதாப்பேட்டையில் பிறந்து, சைதாப்பேட்டையிலேயே வாழ்க்கைப்பட்டவர். அலுவலகத்தில் பார்த்துப் பார்த்துப் பேசுவார். களைத்துப்போனால் மட்டும் பிறந்த பேச்சு வந்துவிடும். “இன்னா கலா, ஒரே தலவலியா கீது” என்று அவர் சொன்னால், அன்று பாதித் தபாலை நான் வாங்கி ஒட்டிக்கொடுப்பேன்.

அவர் கணவர் சண்முகம் அண்ணன் அரசுப் பேருந்து ஓட்டுநர். பெரிய உருவம், பெரிய குரல். ஒருநாள் மாலை ட்ரிப் முடித்து டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சு முதலில் முழுவதும் போய், பிறகு சொல் சொல்லாகத் திரும்பி வந்தது. மகள் உஷா அப்போது கல்லூரியில் முதல் வருடம்.

அதற்குப் பிறகு பதினான்கு வருடம் அக்கா அவரைப் பார்த்துக்கொண்டார். ஒரு வரியில் எழுதிவிட்டேன். காலை நான்கரைக்கு எழுந்து அவரைத் துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் படுக்கவைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டு, ஊட்டி, மருந்து கொடுத்து, பக்கத்து வீட்டில் சாவியைத் தந்துவிட்டு அலுவலகம் வருவார். பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குவார். ஒரு பெரிய ஆளைத் தினமும் தூக்கித் தூக்கி இடது தோள் இறங்கிப்போய்விட்டது. ரவிக்கை அளவு எடுக்கும்போது தையல்காரர் சொல்லித்தான் அது அவருக்கே தெரிந்ததாம்.

இதில் கேப்டன் டோரிக் எங்கே வந்தார் என்று கேட்கலாம். அவர் ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்தார்.

அந்தத் தொடரை முதலில் பார்த்தவர் சண்முகம் அண்ணன். அவருடைய வார விடுமுறை ஞாயிறு. அக்கா சமையலறையிலிருந்து வசனத்தை மட்டும் கேட்பார். அண்ணன் படுத்த பிறகு அக்கா கட்டிலைத் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பிப் போட்டார். அதன் காலடியில் உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே அவரும் பார்க்கத் தொடங்கினார். வாரத்தில் அவர் உட்கார்ந்த ஒரு மணி நேரம் அதுதான். நானும் பார்ப்பவள் என்று தெரிந்ததும், திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு வேளை எங்கள் இருவருக்கும் கேப்டனுடைய வேளையாகிவிட்டது.

கதை எளிமையானது. டோரிக் ஒரு சரக்குக் கப்பலின் கேப்டன். மூன்று நாள் பயணமென்று மனைவியிடமும் சிறு மகனிடமும் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். வானத்தில் ஒரு வாசல் திறந்து கப்பலை விழுங்குகிறது, எங்கோ தொலைவில் துப்பிவிடுகிறது. அன்றிலிருந்து வாரத்துக்கு ஓர் உலகமாக, வீட்டுக்கு வழி தேடி அலைகிறார். போகிற இடங்களில் ஆதரவில்லாதவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொள்கிறார். நான்காம் சீசனின் கடைசியில் அதே வாசல் அவர் முன்னால் மறுபடி திறக்கிறது. உள்ளே அவருடைய ஊரின் வெளிச்சம் தெரிகிறது. கேப்டன் கண்ணாடி முன்னால் நிற்கிறார். வெகுநேரம் நிற்கிறார். பிறகு, “கப்பலைத் திருப்பு” என்கிறார். நமக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரியும். அவர் ஏன் திருப்பினார் என்று தொடரை எடுத்தவர்கள் இன்றுவரை சொல்லவில்லை.

அந்த முதுகைப் பற்றித்தான் இத்தனை வருடமும் சண்டை போட்டோம்.

தொடரின் ரசிகர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு ஞாயிறு மாலை தியாகராய நகரில் பனகல் பூங்காவில் கூடுவது வழக்கம். அதைக் கூட்டி நடத்தியவர் மயிலாப்பூர் ராமநாதன் சார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். ஒவ்வொரு எபிசோடுக்கும் குறிப்பு எடுத்து வைத்திருப்பவர். கேப்டனுடைய மேசையில் இருந்த ஒரு முள் அந்தக் காட்சியில் சிவப்பைத் தொட்டது, ஆகவே அந்த வாசல் ஒரு பொறி, அதைக் கண்டுகொண்டதால்தான் திருப்பினார் என்பது அவர் கட்சி. என் கட்சி வேறு. வாசலுக்குள் போனால் பின்னால் வரும் எதிரியும் ஊருக்குள் நுழைந்துவிடுவான், ஊருக்காகத் தன் வீட்டைத் தியாகம் செய்தார் என்பேன். எங்களுக்குள் ‘பொறிக் கட்சி’, ‘தியாகக் கட்சி’ என்று பெயரே இருந்தது.

ஒரு மாதம் உஷா வீட்டில் இருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டதால், அக்காவை அங்கே அழைத்துப் போனேன். கையில் காய்கறிப் பையோடு சிமெண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் எல்லோரும் பேசியதைக் கேட்டார். ராமநாதன் சார் மரியாதைக்கு, “நீங்க ஏதாவது சொல்றேளா?” என்று கேட்டார்.

அக்கா தயங்கவில்லை. “எல்லாரும் அவரு ஏன் வீட்டுக்குப் போக முடியலன்னே பேசறீங்க. அவருக்குப் போகணும்னு இருந்துச்சான்னு யாரும் கேக்கலையே.”

“புரியலையே,” என்றார் சார்.

“போனா என்ன சார்? மறுபடி அதே வீடு, அதே வேலை. விட்ட எடத்துலேருந்து எல்லாத்தையும் திருப்பி எடுக்கணும். அவரு கண்ணாடி முன்னாடி நிக்கறாரே, நாலு வருஷத்துல அப்பதான் முதல் தடவ சும்மா நிக்கறாரு. வீட்டுக்குப் போக அலுப்பா இருந்துருக்கும். திருப்பிட்டாரு.”

ஓர் இளைஞர் சிரித்தார். இன்னொருவர், பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஓடியவன் எப்படிக் கதாநாயகன் ஆவான் என்று கோபப்பட்டார். அக்கா, “நான் கெட்டவர்னு சொல்லலையே தம்பி. அலுப்புன்னுதான் சொன்னேன்,” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ‘போகாத கட்சி’ என்று மூன்றாவதாக ஒன்று உண்டானது. அதில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

ராமநாதன் சார் அவரை விடவில்லை. அடுத்தடுத்த மாதங்களில் குறிப்பேட்டோடு வந்து வாதாடினார். “எங்காத்துல சொன்னேன். அவளும் உங்க பக்கமாம். என்ன அநியாயம் பாருங்கோ!” என்று ஒருமுறை புலம்பினார். அக்கா வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது மிகச் சில தடவைதான். அது அதில் ஒன்று.

உஷா கல்யாணமாகி ஓசூர் போனாள். அதன் பிறகு அக்கா பூங்காவுக்கு வரவில்லை. வாட்ஸாப்பில் எப்போதாவது ஒரு வரி எழுதுவார்.

இப்போது நான் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உஷாவிடம் மட்டும் சொல்லி, கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவர் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருடம், ஒரு வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அக்கா கிளம்பினார். நாலரை மணிக்கு எனக்குப் போன் வந்தது.

“கலா, நீ எங்க வீட்டுக்குப் போறியா? சாவி பக்கத்து வீட்டுல இருக்கு. நான் இன்னிக்கிப் போகல.”

“எங்க அக்கா இருக்கீங்க?”

“ட்ரெயின்ல. தாம்பரம் தாண்டிட்டேன்.”

“யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“இல்லம்மா. சைதாப்பேட்டை ஸ்டேஷன் வந்துச்சு. எல்லாரும் எறங்கினாங்க. நான் எறங்கல.” கொஞ்ச நேரம் ரயில் சத்தம் மட்டும் கேட்டது. “மாத்திர டப்பா ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. ராத்திரிக்கு ரெண்டு இட்லிதான் சாப்பிடுவாரு,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதன் பிறகு எடுக்கவில்லை.

நான் போனேன். அண்ணனிடம், அக்காவுக்கு வெளியூரில் அலுவலகப் பயிற்சி என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். “பொய்,” என்றார். அந்த ஒரு சொல் தெளிவாகவே வந்தது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் நான் அந்த வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்க உதவினார். இருந்தும் இரண்டாம் நாளே என் இடுப்பு ஒடிந்துவிட்டது. அக்கா இதை எத்தனை வருடம் தனியாகச் செய்தார் என்று கணக்குப் போடப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஞாயிறு பத்து மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டேன். ஏதோ விழாவை முன்னிட்டு அன்று பழைய எபிசோடு. அதேதான். வாசல் திறந்தது, கேப்டன் நின்றார், கப்பலைத் திருப்பினார். சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். “ஏன் அண்ணே திருப்பறாரு? அக்கா அலுப்புன்னு சொல்றாங்க.”

அவர் வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தார். எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. “வண்டில... ஆளு கீது,” என்றார். எனக்குப் புரியவில்லை என்று கண்டு, இடது கையால் திரையைக் காட்டினார். “அவ்ளோ பேர... ஏத்திக்கினு வரான். அவுங்க ஸ்டாப்பு... இன்னும் வரல. இவன் ஊரு வந்துச்சுன்னு... இவன் எறங்கிப்பானா? டிரைவரும்மா.”

பத்து வருடத்துக்கு மேல் நாங்கள் பேசிப் பேசித் தீராத விஷயம். எங்களில் ஒருவருக்கும் அந்தக் கப்பலில் ஏறியவர்கள் ஞாபகம் வரவில்லை. எல்லோரும் கேப்டனுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் முடிக்கவில்லை. “அவ வண்டில... நான் ஒருத்தன்தான். என் ஸ்டாப்பு... எப்ப வரும்னு தெரியல. அவ எறங்கிப் போனா... தப்பில்ல. நீ சொல்லு அவகிட்ட. எனக்கு... வார்த்த வராது.” கண்ணிலிருந்து வழிந்தது. துடைக்காமலே முகத்தைத் தலையணைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சொல்கிறேன் அண்ணே என்றேன்.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அக்கா வந்தார். போனபோது கட்டியிருந்த அதே சேலை. செங்கல்பட்டில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் இருந்தாராம். “தூங்கினேன் கலா. ரெண்டு நாளும். டீ குடிக்க எழுந்திருச்சேன், மறுபடி தூங்கினேன். கனவுகூட வரல,” என்று வாசலிலேயே என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அண்ணன் அவரைப் பார்த்து, “சாப்ட்டியா?” என்று கேட்டார்.

அக்கா சமையலறையில் வந்து என் தோளில் சாய்ந்தார். “எங்க போனேன்னு கேட்டு ரெண்டு திட்டு திட்டியிருந்தா நல்லா இருந்துருக்கும். இந்த மனுஷன் சாப்ட்டியான்னு கேக்கறாரு. நான் எங்க போறது?”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் களைத்திருக்கிறார், நாளைக்குச் சொல்லலாம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நிஜம் அதுவல்ல. சொன்னால் அக்கா உண்மையிலேயே போய்விடுவாரோ, போய்விட்டால் அந்தச் சாவி என் கையில் நின்றுவிடுமோ என்று பயந்தேன். இரண்டு நாள் வேலை என்னை அவ்வளவு பயமுறுத்திவிட்டது. நாளை என்பது வாரமாகி, வருடமாகி, பிறகு சொல்வதற்கே வெட்கமாகிவிட்டது. தியாகக் கட்சியின் தலைவி நான்தான்.

அக்கா ஓய்வுபெற்றார். பணி நிறைவு விழாவில் பேசச் சொன்னபோது, “எல்லாரும் நல்லா இருங்க, எனக்கு நேரமாச்சு,” என்று சொல்லி இறங்கிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் நிஜமாகவே நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு. தோள் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பேச்சு கேப்டன் பக்கம் போனது. இன்னும் போகாத கட்சிதானா என்று கேட்டேன்.

“அவரு போயிருந்தாலும் பிடிச்சுப் போயிருக்க மாட்டாரு. போகாதப்பவும் பிடிச்சு நிக்கல. பிடிக்குதா, பிடிக்கலையான்னு அவர யாரு கேட்டா? என்னை யாரு கேட்டா? விடு. எண்ணெய அந்த அலமாரில வச்சிடு.”

அவரிடமிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தைகள் அவை.

அன்று சைதாப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். உள்ளே கட்டிலில் கிடந்த அண்ணன் சத்தம் போட்டுப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உஷா அவர் கட்டிலைத் திருப்பி, கண்ணாடிப் பெட்டி தெரிகிற மாதிரி போட்டிருந்தாள்.

ராமநாதன் சார் வந்தார். எண்பதைத் தாண்டியவர், தடி ஊன்றி மாடி ஏறி வந்தார். பெட்டியருகில் கைகூப்பி வெகுநேரம் நின்றார். வெளியே வந்து என்னிடம், “அவர் சொன்னதுதான் சரின்னு நான் இப்பவும் சொல்ல மாட்டேன் கலா. செத்துப்போயிட்டாரேன்னு விட்டுக்கொடுத்தா அது அவருக்கு மரியாதை இல்லை,” என்றார். அக்காவுக்கு அன்று வந்த மாலைகளையெல்லாம்விட அது பெரிய மரியாதை என்று எனக்குப் பட்டது.

பெண்கள் கொஞ்சம் விலகிய நேரத்தில் நான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அண்ணே, அன்னிக்கி நீங்க சொல்லச் சொன்னீங்களே. நான் அக்காகிட்ட சொல்லவே இல்ல.”

“தெரியும்,” என்றார்.

“எப்படிண்ணே?”

“சொல்லியிருந்தா... என்னாண்ட வந்து... சண்ட போட்டிருப்பா.” பெட்டியைப் பார்த்தார். “போடல.”

என்னைத் திட்டவில்லை. இடது கையை என் தலைமேல் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

நேற்று உஷா அவரை ஓசூருக்கு அழைத்துப் போனாள். மாப்பிள்ளை கீழ்த்தளத்து அறையை அவருக்காக ஒழித்துக் கொடுத்திருக்கிறார். துணைக்கு ஓர் ஆளும் வைத்திருக்கிறார்கள். அண்ணனைக் காரில் ஏற்றியதும், கட்டிலைப் பிரித்து இரண்டு பேர் மாடியிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். காலியான அறையைப் பெருக்கிவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு நான்தான் வீட்டைப் பூட்டினேன்.

அக்கா, அண்ணனை இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாத்திரைப் பெட்டியை உஷாவிடம் கொடுத்து, எது எந்த வேளைக்கென்று எழுதியும் கொடுத்துவிட்டேன். போகிறவர்களைப் போய்வாருங்கள் என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். உங்களுக்கு நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. போங்கள் அக்கா. வர வேண்டாம்.